வாடை இல்லை

செப்டம்பர் 14, ஞாயிறு

மூன்று டிரம்களும் மொட்டைமாடி ஏறிவிட்டன. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியவை. நீல நிறம், இடுப்பளவு உயரம். முன்பு மாம்பழக் கூழ் இருந்ததாகக் கடைக்காரர் சொன்னார். நான் சரிபார்க்கவில்லை.

எலக்ட்ரீஷியன் பக்கவாட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது சங்கச் செயலாளர் வெள்ளிங்கிரி மேலே வந்தார். எதிர்வீட்டுக்காரர். பம்ப்செட் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு இந்தக் கட்டடத்தை நடத்துகிறார். பன்னிரண்டு வீடுகளில் எங்கே குழாய் சொட்டினாலும் அவர் காதுக்கு முதலில் கேட்கும்.

"என்னங்க மேடம் இது?"

"உரம் போடப் போறேன் சார்."

"குப்பைனு சொல்லுங்க."

"இன்னைக்குக் குப்பை. பொங்கலுக்கு உரம்."

"மாடி பொது எடமுங்க. நாறுச்சுன்னா?"

"நாறாது."

"நாறுச்சுன்னா?"

"நாறினா நானே கீழ இறக்கிடறேன்."

எலக்ட்ரீஷியன் துளை போடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். சாட்சி வைத்துச் சொன்ன வார்த்தையாகிவிட்டது. பரவாயில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

முதல் டிரம் தொடங்கினேன். அடியில் தேங்காய் நார், அதன்மேல் தெருவில் பொறுக்கிய புங்க இலைச் சருகு ஒரு சாண். பிறகு காய்கறிக் கழிவு, மறுபடி சருகு. புளித்த மோரில் வெல்லம் கரைத்துத் தெளித்தேன். ஈரத்துக்கு ஒரு பங்கு, காய்ந்ததற்கு இரண்டு பங்கு. இதில் ஏமாற்றினால் டிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

சமைத்தது, எண்ணெய், பால், மீன் எதுவும் உள்ளே போகக் கூடாது. மூடியில் பெயின்டால் எழுதிவைத்தேன்.

காலையில் நான்கு குப்பிகள்: கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசிச் சனி என்பதால் கட்டடம் முழுக்கக் காய்கறி. கீழ் வீடுகள் மூன்றில் கேட்டேன். தோலும் காம்பும் வாளி வாளியாகக் கொடுத்தார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கொடுக்கத்தான் எல்லோருக்கும் அவசரம்.

வெள்ளிங்கிரியின் மனைவி தெய்வானை கதவைப் பாதி திறந்துகொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"அக்கா, பூவு மட்டும் போட்டுக்கலாங்களா? சாமிக்குச் சாத்துன பூவு. குப்பை வண்டில போட மனசு வரமாட்டேங்குது."

"போடு. நார் இருந்தா எடுத்துட்டுப் போடு."

"உங்களுக்குச் சாமி நம்பிக்கை இல்லைன்னு இவரு சொன்னாருங்களே."

"டிரம்முக்கு அதெல்லாம் தெரியாது."

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கணவர் உள்ளே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 24, புதன்

கையை முழங்கைவரை விட்டுப் பார்த்தேன். நடுவில் சூடு. குளிக்கும் வெந்நீர் அளவு. உள்ளே வேலை நடக்கிறது.

வாடை இல்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பால் பாத்திரம் கருகிவிட்டது. அடுப்படிக்குள் போனபோதுதான் புகை தெரிந்தது. புதிது வாங்க வேண்டும்.

தெய்வானைக்கு ஒரு கிண்ணம் ரசம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "அக்கா, பெருங்காய டப்பாவைக் கவுத்துப்போட்டீங்களா?" என்றாள். கொஞ்சம் கூடியிருக்கலாம். எனக்குக் காரம் தெரிகிறது, புளிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது. ரசத்துக்கு அது போதும்.

அக்டோபர் 4, சனி

சாம்பார் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால் இன்னும் சில வரிகள் வேண்டும். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. தெய்வானை "அக்கா! கேஸு! கேஸு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நேராக அடுப்படிக்குப் போய் சிலிண்டரை மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், சுவிட்சைத் தொடாதீர்கள் என்றாள். முந்தானையை மூக்கில் வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"இத்தன நாத்தத்துல எப்படிங்க்கா உக்காந்திருந்தீங்க?"

"சளி," என்றேன்.

சளி பிடித்தவளின் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அக்டோபர் 5, ஞாயிறு

வெள்ளிங்கிரி புனேவுக்குப் போன் போட்டுவிட்டார். சங்கத்தில் எல்லாப் பிள்ளைகளின் எண்ணும் இருக்கிறது. செழியன் காலையிலேயே அழைத்தான்.

"அம்மா, என்ன ஆச்சு?"

"சாம்பார் பொங்கிச்சு."

"அவர் வேற மாதிரி சொல்றாரே."

"அவர் பம்ப்செட் வித்தவர். சத்தம் அதிகம்."

அவன் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. இன்னொரு தடவை இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா நான் வந்து கூட்டிட்டு வந்துடுவேன். இங்க ரூம் ரெடியா இருக்கு. பால்கனி இருக்கு. உங்க செடி கொடி எல்லாம் வெச்சுக்கலாம்."

அந்த பால்கனியைப் பார்த்திருக்கிறேன். துணி காயப்போடும் ஸ்டாண்டை விரித்தால் ஆள் நிற்க இடமிருக்காது. பதினான்காவது மாடி. அந்தத் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது, அவர்கள் பேசுவதும் புரியாது. எதையும் விசாரிக்க முடியாத ஊரில் நான் என்ன செய்வேன்?

"டிரம் மூணு ஓடிட்டிருக்கு. நடுவுல விட முடியாது," என்றேன்.

"என்னம்மா, மாடு கட்டியிருக்கிற மாதிரி பேசறீங்க."

கிட்டத்தட்ட அப்படித்தான்.

அக்டோபர் 11, சனி

முதல் டிரம் நிரம்பி, ஒரு சாண் இறங்கி, மறுபடி நிரம்பியது. அதை மூடிவைத்தேன். இரண்டாவது நடந்துகொண்டிருக்கிறது. உள்ளே வெள்ளைப் பூஞ்சை நூல்நூலாகப் படர்ந்திருக்கிறது. நல்ல அறிகுறி. கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கிறது, விரலால் தட்டினால் உதிர்கிறது. ஈரம் சரி.

வாடை இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. தெருவில் சருகெல்லாம் நனைந்து கூழாகக் கிடக்கிறது. காய்ந்தது வேண்டும். வீட்டில் காய்ந்தது என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பரண்மேல் நான் எழுதிய செய்திகளின் நறுக்குகள், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. பூச்சி அரித்தது போக மீதி.

வழவழப்பான வண்ணத்தாள் ஆகாது. மற்றதெல்லாம் ஆகும். மாநகராட்சிக் கூட்டங்களில் தொடங்கினேன். எழுதியபோதே காய்ந்த செய்திகள்தான். விரலளவு கீற்றாகக் கிழித்துப் போட்டேன். தண்ணீரை நன்றாக உறிஞ்சுகிறது.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தெய்வானை முறுக்கும் மைசூர்பாகும் கொண்டுவந்தாள். முறுக்கு நன்றாக உடைந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

வெள்ளிங்கிரி மணி அடித்தார். கதவைத் திறக்கும்போதே கைக்குட்டை மூக்கில் இருந்தது. நாடகத்துக்கு என்று நினைத்தேன்.

"நாறுதுங்க மேடம்."

"என்ன நாறுது?"

"உங்க டிரம்முங்க. மாடிப்படி ஏறும்போதே குடலைப் பிடுங்குது. துணி காயப்போடப் போன பொம்பளைங்கெல்லாம் திரும்பி வந்துட்டாங்க."

"நான் காலைலதான் போய்ப் பார்த்தேன். வாடை இல்லையே."

அவர் கைக்குட்டையை எடுத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "ஏனுங்க, நீங்க பேப்பர்லயும் இப்படித்தான் எழுதினீங்களா?"

"எப்படி?"

"இருக்கறத இல்லைன்னு."

கதவைச் சாத்திவிட்டேன். இத்தனை வருடத்தில் ஓர் அமைச்சரோ, ஒரு போலீஸ் அதிகாரியோ, ஒரு மில் முதலாளியோ என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வேறு பலவும் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சொன்னதில்லை.

அக்டோபர் 25, சனி

வாட்ஸ்அப் குழுவில் என் டிரம்களின் படம். மேலே, 'நம் கட்டடத்தின் அவலம்.' அவலம் நல்ல சொல். நானே நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். கீழே வரிசையாக மூக்கைப் பிடிக்கும் பொம்மை முகங்கள். நவம்பர் 9 ஞாயிறு பொதுக்குழு. டிரம்களை அகற்றுவது குறித்து வாக்கெடுப்பு.

நான் பதில் போட்டேன்: 'வருகிறேன்.'

அக்டோபர் 26, ஞாயிறு

மழை விட்ட நேரத்தில் இரண்டாவது டிரம்மைக் கொட்டிப் பார்த்தேன். மேல் அடுக்கு கொழகொழவென்று இருந்தது. புழுக்கள், வெள்ளையும் சாம்பல் நிறமுமாக, கூட்டம் கூட்டமாக. சாம்பல் நிறப் புழு நல்லது. வெள்ளை வேறு கதை. கையில் எடுத்தால் வழுக்கியது. சூடு இல்லை.

மழைத் தண்ணீர் உள்ளே போகவில்லை. மூடியின்மேல் தகரம் போட்டுச் செங்கல் வைத்திருக்கிறேன். ஆனால் செங்கல் நான் வைத்த பக்கம் இல்லை, மறுபக்கம் இருந்தது. காகிதக் கீற்றுகள்மேல் வெள்ளையாக ஓர் ஆடை. ஓர் ஓரத்தில் சந்தனம். உதிரி ரோஜா இதழ். ஒரு பேரீச்சங்கொட்டை.

பால், தயிர், பஞ்சாமிர்தம்.

நான் பால் போடுவதில்லை. மூடியில் எழுதியே இருக்கிறது.

அக்டோபர் 28, செவ்வாய்

நேற்று சூரசம்ஹாரம். இன்று திருக்கல்யாணம். எதற்கு வந்த பால் என்று தெரிந்துகொள்ள நாட்காட்டி போதும். உறுதிசெய்துகொள்ள மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறுவதற்கு முன்பே தெய்வானை வந்தாள். ஈரத்தலை, கையில் பித்தளைச் சொம்பு. செங்கல்லை எடுத்தாள், தகரத்தை நகர்த்தினாள், மூடியைத் திறந்தாள். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்தாள்.

"தெய்வானை."

சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"அக்கா..." அழுதுவிடுவாள் போல் இருந்தது. "சஷ்டிக்கு வேலுக்கு ஆறு நாளும், கல்யாணத்துக்கு இன்னிக்கும் அபிசேகம் பண்றனுங்க்கா. அந்தப் பாலைச் சாக்கடைல ஊத்தக் கூடாது. கால் படாத எடத்துல ஊத்தோணும். கீழ முச்சூடும் சிமெண்டு, காரு நிக்குது. இந்தக் கட்டடத்துல கால் படாத எடம் உங்க டிரம் ஒண்ணுதானுங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை.

"மூடில எழுதியிருக்கே, பார்க்கலையா?"

"பாத்தனுங்க. பால்னு இருக்குது. இது அபிசேகப் பாலுங்களே."

"புழுவுக்கு வித்தியாசம் தெரியாது தெய்வானை."

"நாறும்னு எனக்குத் தெரியலீங்க்கா. மூணாம் நாளு நாறுச்சு. சொல்லிப்போடலாம்னு வந்தன். நீங்க அவருகிட்ட வாடை இல்லைன்னு சாதிச்சீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?" குனிந்து சொம்பை எடுத்தாள். எழுந்தபோது அழவில்லை. "உங்களுக்கு வாசம் தெரியறதில்லீங்க்கா. கேஸு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. அவருகிட்டக்கூட சொல்லலை. சொன்னா உடனே உங்க பையனுக்குப் போன் போட்டுருவாரு."

அவள் சொன்னதை அவள் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

"இதையும் நீங்க அவருகிட்ட சொல்லிப்போடாதீங்க்கா. ஊரெல்லாம் நாத்தம்னு போஸ்டர் ஒட்டாத குறையா பேசிட்டாரு. என்ற ஊட்டுப் பாலுதான்னு தெரிஞ்சா மூஞ்சி எங்க வெச்சுக்குவாரு?"

அக்டோபர் 29, புதன்

காய்ச்சல் வந்த வருடம் வாசம் போனது. திரும்பவில்லை. டாக்டர் தினமும் முகர்ந்து பழக நான்கு குப்பிகள் கொடுத்தார்.

எழுதியாயிற்று. போதும்.

அக்டோபர் 30, வியாழன்

நாள் முழுக்க வேலை. இரண்டாவது டிரம்மில் மேலிருந்து பாதியைத் தார்ப்பாயில் பரப்பினேன். நார்த்தூள் இரண்டு மூட்டை கலந்தேன். துளைகள் அடைத்திருந்தன, கம்பியால் குத்திவிட்டேன். காகிதம் போதவில்லை. பரணிலிருந்து அடுத்த பெட்டியை இறக்கினேன். நீதிமன்றச் செய்திகள். எனக்குப் பரிசு வாங்கிக்கொடுத்த தொடரும் அதில் இருந்தது. சிறிது நேரம் கையில் வைத்திருந்தேன். பிறகு அதையும் கிழித்தேன். நல்ல தாள், நன்றாக உறிஞ்சியது.

இது சரியாகிவிட்டதா என்று கண்ணுக்கும் கைக்கும் தெரிந்த வரையில்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. இதுவரை நாட்குறிப்பில் எத்தனை முறை 'வாடை இல்லை' என்று எழுதியிருக்கிறேன் என்று புரட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. நிருபர் பயிற்சிக்கு வந்த யாராவது இப்படி எழுதிக் கொடுத்திருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பேன்.

நவம்பர் 4, செவ்வாய்

தெய்வானை மாடிக்கு வரவில்லை. படியில் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறாள்.

டிரம்மில் இளஞ்சூடு.

நவம்பர் 8, சனி

சூடு ஏறிவிட்டது. கையை உள்ளே வைத்திருக்க முடியவில்லை. புழு இல்லை. அழுத்தினால் உருண்டை, தட்டினால் உதிர்கிறது.

காய்கறிக்காரரை மேலே கூட்டிப்போய் முகரச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் நான் வாடிக்கை என்பதால் நன்றாக இருக்கிறது என்பார். தெய்வானையைக் கேட்கலாம். அவள் பயத்தில் நன்றாக இருக்கிறது என்பாள். நான் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத ஒருவர்தான் வேண்டும். இந்தக் கட்டடத்தில் அப்படி ஒரே ஒருவர்.

நவம்பர் 9, ஞாயிறு

பொதுக்குழு கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், பிஸ்கட், டீ. வெள்ளிங்கிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தண்ணீர் லாரி, லிப்ட் பராமரிப்பு எல்லாம் முடிந்தபின் என் விஷயம் வந்தது.

"மேடம் முதல் நாளே சொன்னாங்க. நாறுனா நானே எறக்கறேன்னு. நாறுச்சு. எறக்கலை. நேராப் போய்க் கேட்டன். நாறலைன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க." கூட்டத்தைப் பார்த்தார். "ஏனுங்க, அந்த நாத்தம் உங்க யாருக்காச்சும் தெரியாம இருந்துச்சுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். தெய்வானை கடைசி வரிசையில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுந்திருக்கப் போகிறாள் என்று ஒரு கணம் தோன்றியது. அவள் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"ஒருத்தருக்குத் தெரியாம இருந்துச்சு. எனக்கு," என்றேன். "எனக்கு மூக்கு வேலை செய்யறதில்ல. மூணு வருஷமா. மல்லிகைப்பூவும் தெரியாது, கேஸும் தெரியாது, உங்க வீட்டுக் கருவாடும் தெரியாது."

சிரிப்பு நின்றுவிட்டது.

"வாடை இல்லைன்னு நான் சொன்னது சரிபார்க்காத செய்தி. தப்பா போட்டா மறுநாள் திருத்தம் போடறது எங்க வழக்கம். இது திருத்தம். நாறியிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

"அப்ப எறக்கிருவீங்க?" என்றார் வெள்ளிங்கிரி.

"மாட்டேன்."

நாற்காலிகள் நகரும் சத்தம்.

"நாறினா இறக்கறேன்னுதான் சொன்னேன். அது அன்னைக்கு நாறிச்சு. அதை எடுத்துச் சரி பண்ணியிருக்கேன். சரியாயிருக்கான்னு சொல்ல என்கிட்ட மூக்கு இல்ல. உங்ககிட்ட இருக்கு செயலாளர் சார். இப்ப மேல வாங்க. மூணு டிரம்மையும் திறக்கறேன். நாறுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே இறக்கிடறேன். வாக்கெடுப்பெல்லாம் வேண்டாம்."

"நானுங்களா?"

"நீங்கதான். நீங்க சொல்றதை நான் எழுதிக்கறேன்."

டீயை வைத்துவிட்டு எழுந்தார். பாதிக் கூட்டம் பின்னால் வந்தது. லிப்டில் இடமில்லாதவர்கள் படியேறி வந்தார்கள்.

முதல் டிரம்மைத் திறந்தேன். அவர் கைக்குட்டையை எடுத்தார், பிறகு மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அதைக் கவனித்தேன். குனிந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தீர்ப்புகளுக்கு நீதிபதியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் என் கையில் பேனா இருந்தது.

நிமிர்ந்து இரண்டாவதற்குப் போனார். அங்கே வெகுநேரம் நின்றார். கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். கையோடு மூக்குக்கு அருகே கொண்டுபோனார்.

அவர் பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அதை மறுக்க எனக்கு வழியே இல்லை.

"மண்ணு வாசமுங்க," என்றார். யாரிடம் என்றில்லாமல், கொஞ்சம் எரிச்சலாக. "மழை பேஞ்சா வருமே, அது. மூணாவதுல எலுமிச்சந்தோலு கொஞ்சம் தூக்கலா இருக்குது. நாத்தமில்லை."

யாரோ கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

கையைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது. "ஆனா மேடம், அன்னிக்கு நாறுனது காய்கறி நாத்தமில்லீங்க. பாலு கெட்ட நாத்தம். பஞ்சாமிர்தமும் சேந்து. நீங்க ஒருத்தரு. உங்க ஊட்டுல ஏதுங்க அத்தன பாலு?"

"ஆதாரம் யாருன்னு நாங்க சொல்றதில்ல சார்."

அவர் தலையைத் திருப்பாமல் நின்றார். தெய்வானை தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"சரி," என்றார். "கேக்கலை." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "பொங்கல் வரைக்கும் இருக்கட்டும். தினமும் நான் வந்து மோந்து பாப்பன். ஒரு நாளு நாறுச்சுன்னா, அன்னிக்கோட சரி."

"வாங்க," என்றேன்.

நவம்பர் 10, திங்கள்

செழியனை நானே அழைத்தேன். வேறு யாரும் சொல்வதற்கு முன் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"மூணு வருஷமாவா? வாரம் வாரம் பேசறோமேம்மா."

"போன்ல மூக்கு தெரியாது."

"அம்மா."

"சரி. சொல்லியிருக்கணும்."

"கிளம்பி வாங்க. ப்ளீஸ்."

"சிலிண்டரைத் திருப்பிக் குடுத்துட்டேன். கரண்ட் அடுப்பு வாங்கியாச்சு. பொங்கினா தானா நின்னுடுது. பால் பாத்திரம் வைக்கிறப்ப எதிர்லயே உக்காந்துக்கறேன். இன்னும் என்ன?"

"பொங்கலுக்கு வரேன். பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

வரட்டும். பார்க்கட்டும். முடிவு பண்ணியாயிற்று.

நவம்பர் 19, புதன்

வெள்ளிங்கிரி வாக்கிங் முடித்துவிட்டு நேராக மாடிக்கு வருகிறார். குற்றம் கண்டுபிடிக்கத்தான் வருகிறார். அதை மறைக்கவும் இல்லை. இன்று ஒன்றும் அகப்படவில்லை. படியிறங்கும்போது என் கதவருகே நின்று, "மேடம், உங்க ஊட்டுல தோசை கருகுதுங்க!" என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தேன். கருகிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 4, வியாழன்

முதல் டிரம் முடிந்தது. சல்லடையில் சலித்தேன். காப்பித்தூள் நிறம், விரலிடுக்கில் ஒட்டாமல் உதிர்கிறது. சலித்ததில் மேலே நின்றவை: மாங்கொட்டை ஒன்று, பூநார், எந்தச் செய்தி என்று தெரியாத ஒரு தாள்துணுக்கு. 'மறுத்தார்' என்ற ஒரு சொல் மட்டும் அழியாமல் இருந்தது. அதை மறுபடி மூன்றாவது டிரம்மில் போட்டேன்.

பெரிய சிமெண்டுத் தொட்டி ஒன்று வாங்கி, செம்மண்ணோடு இந்த உரத்தைக் கலந்து செவ்வரளி நட்டேன். மாடியின் கிழக்கு மூலையில், சுற்றிலும் செங்கல் வைத்து. தெய்வானையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இங்க யார் காலும் படாது. பாலை இதுல ஊத்து. ஒரு சொம்புக்கு ஒரு குடம் தண்ணி கலந்து ஊத்து, இல்லன்னா இதுவும் நாறும். தேனும் பஞ்சாமிர்தமும் வேண்டாம், எறும்பு வரும். அதைச் சாப்பிட்டுடு."

தொட்டியைச் சுற்றிவந்தாள். மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நம்பிக்கை இல்லாதவங்க கட்டுன கோயிலுங்க்கா," என்றாள்.

"தொட்டி," என்றேன்.

டிசம்பர் 12, வெள்ளி

மழை ஓய்ந்துவிட்டது. பரணில் இன்னும் ஒரு பெட்டி மிச்சம்.

காலையில் வெள்ளிங்கிரி மாடியிலிருந்து இறங்கி வந்து மணி அடித்தார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"ரெண்டாவது டிரம்மு, மேடம். லேசா. மேல் வாக்குல இல்ல, அடில."

"என்ன மாதிரி?"

"அழுகுன முட்டைக்கோசு."

"நிச்சயமா?"

"என்ற மூக்குங்க."

மேலே போய்க் கிளறினேன். அடியில் ஒரு பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது. துளை அடைப்பு. கம்பியால் குத்தி, காகிதம் போட்டு, புரட்டி மூடினேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நாளு நாறுச்சுன்னா அன்னிக்கோட சரின்னு சொன்னனுங்களே," என்றார்.

"சொன்னீங்க. பொதுக்குழுவைக் கூட்டுங்க. வரேன்."

மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தார். "நாளைக்கு வந்து பாக்கறனுங்க," என்று இறங்கிப் போனார்.

இரண்டாவது டிரம்மில் வாடை இருக்கிறது. ஆதாரம்: வெள்ளிங்கிரி.